டெல்டா கல்லூரிக் கபடி: எந்தத் தொடர் வலுவானது, எது யாருக்கு உதவும்?

கோப்பை வாங்கிய அணியை வைத்து ஒரு தொடரின் தரத்தை அளக்கக் கூடாது. முதலிடத்து அணி எங்கேயும் நன்றாகத்தான் ஆடும். ஐந்தாவது, ஆறாவது இடத்தில் நிற்கிற கல்லூரி எதிரியை எவ்வளவு திணறடிக்கிறது என்பதுதான் கணக்கு. காலிறுதி ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பாருங்கள். நான்கு ஆட்டத்தில் மூன்று, ஏழெட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள் முடிந்திருந்தால் தொடரில் ஆழம் இருக்கிறது. ஒரே அணி நான்கு முறை ஆல் அவுட் (ஏழு பேரும் வெளியேறுவது) ஆகியிருந்தால், அதற்காக எதிரணிக்குப் போகும் கூடுதல் புள்ளியான லோனாவாக மட்டுமே எட்டுப் புள்ளி போயிருக்கும். காலிறுதியிலேயே இந்த நிலை என்றால், அந்தத் தொடரில் கோப்பை வாங்குவதில் பெரிய பெருமை இல்லை.

இந்த அளவுகோலில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கே முதலிடம் தருவோம். திருச்சி, தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர், அரியலூர் என்று எல்லை பெரிது. மண் தரையில் பொங்கல் தொடர் ஆடி வளர்ந்த பிள்ளைகள் பி.ஏ., பி.காம். சேர்வது பெரும்பாலும் இந்தக் கலை அறிவியல் கல்லூரிகளில்தான். அதனால் பிடி ஆட்டம், அதாவது பாடி வருபவரை மடக்கிப் பிடிப்பது, கெட்டி. குறிப்பாகக் கார்னர், அதாவது பிடி வரிசையின் இரு ஓரங்களில் நிற்பவர்கள். காவிரிக் கரைக்குக் கார்னர் பெருமை புதிதல்ல. தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியின் தர்மராஜ் சேரலாதன் கார்னரில் நின்றபடியேதான் 2016இல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகப் புரோ கபடி கோப்பையைத் தூக்கினார்.

குறையும் உண்டு. பல அணிகள் ஒரே ஒரு ரெய்டரை (பாடிப் போகிறவரை) நம்பி வருகின்றன. அவரை வெளியே உட்கார வைத்துவிட்டால் அடுத்த பத்து நிமிடம் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தொடக்கூட ஆள் இருக்காது. எதிரணியில் ஆறு பேராவது களத்தில் நின்றால்தான் போனஸ் புள்ளி கிடைக்கும் என்பதால், அவர்கள் ஏழு பேரில் இரண்டு பேர் வெளியேறியதுமே அந்த வழியும் அடைபடும். இரண்டாம், மூன்றாம் ரெய்டரைத் தயார் செய்துகொண்டு வருகிற கல்லூரிதான் அரையிறுதி தாண்டும். நாக் அவுட் முறை இன்னொரு தொந்தரவு. வேதாரண்யம் பக்கமிருந்து விடியுமுன் வண்டி பிடித்து வருகிற அணி, இருபதும் இருபதும் நாற்பது நிமிடம் ஆடிவிட்டு ஊர் திரும்புகிறது. முதல் சுற்றையாவது மூன்று மூன்று அணிகளாகப் பிரித்து லீக்காக நடத்தினால் சின்னக் கல்லூரிக்கு இரண்டு ஆட்டம் கிடைக்கும். ஆழம் அப்படித்தான் கூடும்.

அண்ணா பல்கலைக்கழகத் தொடர் வேறு மாதிரி. முதலில் மண்டலம், பிறகு மண்டலங்களுக்கிடையிலான சுற்று. நம் பக்கத்து மண்டலச் சுற்றில் பொறியியல் கல்லூரி அணிகள் சுமார்தான். வகுப்பும் ஆய்வகமும் பயிற்சி நேரத்தைத் தின்றுவிடுகின்றன. மண்டலம் தாண்டியதும் சென்னை, கோவைப் பக்கத்து அணிகள் எதிரே வருகின்றன. அங்கே மேட் (ரப்பர் விரிப்பு) பழக்கமும் உடல் தகுதியும் அதிகம். மண்டலத்தில் இருபது புள்ளியில் ஜெயித்தோம் என்ற நம்பிக்கையோடு போகிறவர்களுக்கு முதல் ஆட்டத்திலேயே அடி விழும்.

மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதில்லை. சாஸ்த்ரா, வல்லம் பெரியார் மணியம்மை, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு இணைப்புக் கல்லூரிகள் இல்லை. வளாக அணியே பல்கலைக்கழக அணி. நேராகப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம். உள்ளே போட்டி குறைவு என்பதால் தரம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். ஆனால் மத்திய அரசுப் பணியின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வேண்டிய படிவம் 3, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்குத்தான் கிடைக்கும். கல்லூரிகளுக்கிடையிலான தொடரில் நான்கு தங்கம் வாங்கி, பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்காதவருக்கு அது கிடையாது. அதில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி ஒப்பமிட வேண்டும். கல்லூரி முதல்வரின் ஒப்பம் செல்லாது. தென்மண்டலத்தில் முதல் நான்கு இடம் பிடித்தால் அகில இந்தியச் சுற்று; அங்கே முதல் எட்டுக்குள் வந்தால் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு.

முதலமைச்சர் கோப்பையைப் பணத்துக்காகவே ஆடலாம், தப்பில்லை. மாநில அளவில் குழு ஆட்டத்துக்கு ஆளுக்கு ₹75,000, ₹50,000, ₹25,000 என்று பரிசு. கல்லூரிப் பிரிவுக்கு வயது 17 முதல் 25. பதிவு இணையத்தில்தான், கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

எந்தத் தொடரானாலும் டெல்டா அணிகள் தோற்பதற்குப் பெரிய காரணம் மேட். மண்ணில் கால் வழுக்கிக்கொண்டு போகும். பாய்ந்து விழுந்தால் நடுக்கோடு வரை சறுக்கலாம். மேட் ஷூவைப் பிடித்து நிறுத்திவிடும். மண் பழக்கத்தில் உடம்பைத் திருப்பினால் பாதம் அங்கேயே நிற்க, முழங்கால் மட்டும் சுழலும். ஜவ்வு கிழிவது அப்படித்தான். ரெய்டரும் மேட் மீது வேகமாகத் திரும்பிவிடுவதால், கணுக்காலைப் பிடிக்கிற கார்னர் அரை நொடி முந்தியே இறங்க வேண்டும். போட்டிக்கு முன் பத்து நாளாவது ஷூவோடு மேட் மீது ஆடாத அணியை அனுப்பவே கூடாது என்பது எங்கள் கருத்து.

அளவிலும் கோளாறு நடக்கிறது. ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10. பெண்களுக்கு 12க்கு 8. நடுக்கோட்டிலிருந்து பாக் கோடு (ரெய்டர் தாண்டியாக வேண்டிய கோடு) ஆண்களுக்கு 3.75 மீட்டர், பெண்களுக்கு 3 மீட்டர். போனஸ் கோடு அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. காலடியால் அளந்து கோடு கிழித்த களத்தில் ஆறு மாதம் பழகிய பெண், சரியான களத்தில் போனஸ் கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே காலை வைத்துவிட்டுத் திரும்புவார். டேப் வைத்து அளந்து போடுங்கள். நம் வண்டல் மண் வெயிலில் வெடிக்கும், ஐப்பசி மழையில் காலை விடாது. செம்மண்ணையும் மணலையும் சலித்துக் கலந்து, சுற்றுத் தரையைவிட அரை அடி உயர்த்திப் போட்ட களமே தாங்கும்.

எடை வரம்பு ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75. பிடி வரிசையில் கவர் இடத்தில் நிற்கும் 87 கிலோ ஆட்டக்காரரை முந்தின இரவு பட்டினி போட்டு எடை இறக்கினால், இரண்டாம் பாதியில் அவரால் ஒரு ரெய்டரைக்கூடத் தடுக்க முடியாது. ஆறு வாரம் முன்பே தராசில் ஏற்றி, வாரம் அரைக் கிலோ வீதம் குறையுங்கள்.