‘விமானத் தரம்’ என்று விற்கப்படும் பெட்ரோல் பம்புத் தொகுப்பு: வாங்க நினைப்பவர்கள் கவனத்திற்கு

சிறிய 12 வோல்ட் பம்பு, நிறமற்ற பிளாஸ்டிக் குழாய் இரண்டு, தண்ணீரைப் பிரிக்கும் என்று சொல்லப்படும் கறுப்புப் புனல் ஒன்று ஆகியவற்றை ஒரே பெட்டியில் அடைத்து, “கேனிலிருந்து சிறு விமானத்துக்கு எளிதாக எரிபொருள் நிரப்பலாம், எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் பெற்றது” (எஃப்.ஏ.ஏ. என்பது அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம்) என்ற வாசகத்துடன் இணையத்தில் விற்கிறார்கள். நூற்றுச் சொச்சம் டாலர் கொடுத்து அதை வாங்கி ஏமாந்தவன் என்ற முறையிலும், பணம் போனதைவிடப் பெரிய ஆபத்து அதில் இருக்கிறது என்பதாலும் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் சொந்தமாகவோ பங்காகவோ சிறு விமானம் வைத்திருக்கும் தமிழர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் இதை வாங்கிவிடக் கூடாது.

இத்தகைய கருவிக்கு ஏன் இவ்வளவு தேவை இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மின்னசோட்டாவில் ஒரு புல்தரை ஓடுபாதையில் பழைய செஸ்னா 150 விமானத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். அங்கே எரிபொருள் நிலையம் கிடையாது. நீல நிறச் சாயமிட்ட 100எல்எல் விமானப் பெட்ரோலை வாங்க வேண்டுமானால் வேறொரு விமான நிலையத்துக்குப் பறந்து போக வேண்டும், விலையும் அதிகம். செஸ்னா 150-இல் கார் பெட்ரோலைப் பயன்படுத்துவதற்கான அனுமதிச் சான்றிதழை விஸ்கான்சினின் ஆஷ்காஷில் உள்ள பரிசோதனை விமானச் சங்கம் 1982-இலேயே பெற்றுவிட்டது. அந்தச் சான்றிதழின் முக்கிய நிபந்தனை, பெட்ரோலில் எத்தனால் இருக்கவே கூடாது என்பது. மின்னசோட்டாவில் படகு, பழைய கார், புல்வெட்டும் இயந்திரம் ஆகியவற்றுக்காக எத்தனால் கலக்காத 91 ஆக்டேன் பெட்ரோலைப் பல பங்க்குகளில் விற்பதால், அதைக் கேனில் பிடித்து வந்து ஊற்றுவது என்னைப் போன்றவர்களுக்கு வழக்கமான வேலை.

வேலை வழக்கமானதுதான், ஆனால் எளிதானதல்ல. செஸ்னா 150-இன் எரிபொருள் தொட்டிகள் தலைக்கு மேலிருக்கும் இறக்கைகளுக்குள் உள்ளன. ஐந்து கேலன் கேன் ஒன்றில் ஏறத்தாழ 19 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும்; அதன் எடை மட்டும் 13 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, ஒரு கையால் புனலைப் பிடித்தபடி மறு கையால் சாய்க்க வேண்டும், அதுவும் நான்கைந்து முறை. போதாக்குறைக்கு, 2009 முதல் தயாராகும் கேன்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதித்த ஆவிக் கசிவு விதிகள் காரணமாக, காற்று உள்ளே போவதற்கான தனித் துளையை எடுத்துவிட்டு, தானாக மூடிக்கொள்ளும் மூக்குகளைப் பொருத்திவிட்டார்கள். சிந்தாமல் தடுப்பதற்காக வந்த அந்த மூக்கு, ஏணி மேல் நிற்பவன் முழங்கை வழியாகப் பெட்ரோலை ஒழுகவிடுவதை விதி எழுதியவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆகவே, கேனைத் தரையில் வைத்துவிட்டு ஒரு விசையை அழுத்தினால் போதும் என்று ஒருவர் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்கத் தோன்றுவதில் வியப்பில்லை.

பெட்டி வந்ததும் உள்ளிருந்த மடிப்புத் தாளைப் படித்தேன். விற்பனைப் பக்கத்தில் பெட்ரோல், விமானம், படகு என்று பெரிய எழுத்தில் இருந்ததற்கு நேர் மாறாக, தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், “டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மட்டும், பெட்ரோலுக்குப் பயன்படுத்தக் கூடாது” என்றிருந்தது. பம்பின் மேல் ஒட்டியிருந்த விமானப் படம் போட்ட வில்லையைச் சுரண்டியபோது, அடியில் டீசல் பம்பு என்ற பழைய வில்லை தெரிந்தது. அதாவது, டிராக்டருக்கு டீசல் ஊற்றும் மலிவான பம்புக்கு வேறு பெயர் சூட்டி விலையைக் கூட்டியிருக்கிறார்கள்.

இது வெறும் பெயர் மாற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டீசல் 52 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி தரும். பெட்ரோலோ மைனஸ் 40 டிகிரியிலேயே அந்த அளவுக்கு ஆவியாகிவிடும் என்பதால், மின்னசோட்டாவின் பனிக்காலக் குளிர்கூட நமக்குப் பாதுகாப்பு ஆகாது. நான் வாங்கிய பம்பின் மோட்டாரில் காற்றோட்டத்துக்காகப் பின்பக்கம் திறந்த துளைகள் இருந்தன. மின்கலத்தில் இணைத்து வெறுமனே ஓடவிட்டுப் பார்த்தபோது, அந்தத் துளைகளின் வழியே கார்பன் பிரஷ்கள் உரசும் இடத்தில் பொறி பறப்பது கண்ணுக்கே தெரிந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கேன் இருக்கும் தரையோடு படிந்து நிற்கும். பம்பும் அதே தரையில்தான் இருக்கும். பெட்ரோலுக்கென்றே செய்யப்படும் பம்புகளில் பொறி வெளியே வராதபடி மோட்டாரை மூடியிருப்பார்கள். அதற்கு அடையாளமாக யூ.எல். போன்ற சோதனை நிறுவனத்தின் முத்திரையும், எந்த எரிபொருளுக்கு என்ற குறிப்பும் பம்பின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எஃப்.ஏ.ஏ. சான்று தருவது விமானத்துக்கும், இயந்திரத்துக்கும், அவற்றின் பாகங்களுக்கும்தான். ஹேங்கரில் வைத்துக்கொள்ளும் பம்புக்கும் புனலுக்கும் அது ஒப்புதல் தருவதில்லை என்பதால், அந்த ஒரு வாசகமே விற்பவரை அடையாளம் காட்டிவிடுகிறது.

பம்பில் பெட்ரோலை விடவேயில்லை. குழாயில் ஒரு துண்டை வெட்டி, பெட்ரோல் நிரப்பிய கண்ணாடிச் சாடியில் போட்டு வைத்தேன். மறுநாள் பெட்ரோல் மஞ்சளாக மாறியிருந்தது. குழாய்த் துண்டை எடுத்து உலரவிட்டதும் அது வளையாமல் விறைத்துப்போனது. பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் சேர்மானங்கள் கரைந்து பெட்ரோலுக்குள் போய்விட்டன என்பதே இதன் பொருள்; அது கார்புரேட்டருக்குள் போக வேண்டிய பொருளல்ல. எங்கள் ஓடுபாதையில் இன்னொருவர் இதே தொகுப்பை வாங்கிச் சில வாரங்கள் பயன்படுத்தியிருந்தார். பறப்பதற்கு முன் தொட்டியின் அடியிலிருந்து வடித்துப் பார்க்கும் மாதிரியில், கறுப்பு ரப்பர் துணுக்குகள் மிதந்ததை எனக்குக் காட்டினார்.

புனலின் கதை இன்னும் மோசம். அது தண்ணீரை மட்டுமல்ல, எத்தனாலையும் பிரித்துவிடும் என்று விளம்பரத்தில் இருந்தது. தண்ணீரை ஒட்டவிடாத பூச்சுள்ள நுண்வலை, தண்ணீரைத் தடுத்துப் பெட்ரோலை விடுவது உண்மைதான்; அத்தகைய நல்ல புனல்கள் சந்தையில் இருக்கின்றன. ஆனால் எத்தனால் பெட்ரோலில் முழுவதும் கரைந்திருப்பது. எந்த வலையும் அதைப் பிடிக்காது. எத்தனால் இருக்கிறதா என்று அறிய, அளவுக்கோடு போட்ட குழாயில் 10 மில்லி தண்ணீரும் 100 மில்லி பெட்ரோலும் விட்டுக் குலுக்கி வைத்தால் போதும்: அடியில் தங்கும் தண்ணீரின் அளவு கூடியிருந்தால், எத்தனால் அதில் சேர்ந்துவிட்டது என்று பொருள். நான் சாயமிட்ட தண்ணீரைக் கலந்து புனலைச் சோதித்தபோது, எத்தனால் இருக்கட்டும், தண்ணீரே தடையில்லாமல் கீழே இறங்கியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பொருளை அனுப்புங்கள் என்றார்கள். சோதித்த விவரத்தை எழுதியதும், எரிபொருள் பட்ட பொருளைத் திருப்பி வாங்குவதில்லை, அது அபாயப் பொருள், கூரியரில் அனுப்பவும் கூடாது என்று பதில் வந்தது. எரிபொருள் நிரப்பும் கருவியை எரிபொருளில் நனைக்காமல் எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு விடை இல்லை. அதன் பிறகு அவர்களோடு எழுதிக்கொண்டிருக்காமல், தாளின் படத்தையும், இரண்டு வில்லைகளின் படத்தையும், விற்பனைப் பக்கத்தின் நகலையும் இணைத்து, கடன் அட்டை வழங்கிய வங்கிக்கு எழுத்து மூலம் முறையிட்டேன், பணம் திரும்பியது. கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத வேண்டும் என்பது சட்டம். விற்பவர்கள் இழுத்தடிப்பது பெரும்பாலும் அந்த நாட்களைக் கடத்தத்தான். நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் புகார் அனுப்பியிருக்கிறேன்.

இப்போது சக்கரம் வைத்த பெட்ரோல் தொட்டியும் கையால் சுற்றும் பம்பும் பயன்படுத்துகிறேன். மின்சாரமே இல்லை, குழாய் பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டது, உள்ளே கம்பி ஓடுவது. இறக்கை மூடியைத் திறக்கும் முன், சக்கரத் தொட்டியிலிருந்து ஒரு கம்பியை விமானத்தின் புகைபோக்கியில், வண்ணம் பூசாத உலோகத்தில் மாட்டிவிடுகிறேன். நிலைமின்சாரம் இரு பக்கமும் சமமாகிவிடும். பிளாஸ்டிக் கேனில் அந்த வசதி கிடையாது. கேனையே பயன்படுத்துபவர்கள், நிலைமின்சாரம் சேராமலிருக்க, பங்க்கில் அதை வண்டியின் பின்தளத்தில் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும்.

நான் முறையிட்ட பிறகு அந்த விற்பனைப் பக்கம் காணாமல் போனது. அதே படம், அதே புனல், வேறு கடைப் பெயரில் இப்போது மீண்டும் வந்திருக்கிறது. இந்த முறை “படகு மற்றும் டிரோன்” என்றும் சேர்த்திருக்கிறார்கள். மோட்டாரின் பின்பக்கத் துளைகள் அந்தப் படத்திலேயே தெரிகின்றன.