கூர்முனையா, உருண்டையா? உயிருள்ள செல்லின் விறைப்பை அளக்க ஏற்ற முனை எது

அணுவிசை நுண்ணோக்கியைக் கொண்டு உயிருள்ள செல்லின் விறைப்பை அளக்க முற்படுவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கேன்டிலீவரின் (செல்லை அழுத்தும்போது வளைந்து விசையைக் காட்டும் மெல்லிய நெம்புத்தகட்டின்) நுனியில் கூரான பிரமிடு முனை இருக்க வேண்டுமா, சில மைக்ரான் விட்டமுள்ள உருண்டை ஒட்டியிருக்க வேண்டுமா என்பதே. மார்பகப் புற்றுநோய்ச் செல்களை அளந்துவரும் எங்கள் தஞ்சாவூர் ஆய்வகத்தில் இரண்டையும் பயன்படுத்தியபின், அன்றாட வேலைக்கு 5 மைக்ரான் விட்டமுள்ள உருண்டையையே தேர்ந்துகொண்டோம். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

கூர்முனை விலை குறைவு. செல்லுறைக்கு அடியில் ஓடும் ஆக்டின் எனும் புரதத்தாலான இழைக்கற்றைகளைத் தனித்தனியாகக் காட்டுவதும் அதுவே. படம்தான் நோக்கம் என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

விறைப்பு எனும் எண்ணே நோக்கம் என்றால் நிலைமை வேறு. விறைப்பைக் குறிக்கும் எண்ணான யங் குணகத்தை எந்தக் கருவியும் நேரடியாக அளப்பதில்லை. அழுத்தும் ஆழத்துக்கேற்ப விசை எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும் விசை-ஆழ வளைகோட்டை, இரு பொருள்கள் தொட்டு அழுந்துவதை விளக்கும் ஒரு தொடர்புக் கோட்பாட்டில் பொருத்திப் பெறுகிறோம். உருண்டைக்கு ஹெர்ட்ஸ் சமன்பாடு, கூர்முனையைக் கூம்பாகக் கொண்டால் அதற்கு ஸ்னெட்டன் 1965இல் தந்த வடிவம். இரண்டிலும் முனையின் வடிவம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். உருண்டையின் ஆரத்தைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே அளக்கலாம். ஹெர்ட்ஸ் சமன்பாட்டில் ஆரம் வர்க்கமூலமாக வருவதால், அதில் 10% பிழை நேர்ந்தாலும் குணகத்தில் 5% அளவுக்கே பிழை வரும். கூர்முனையோ மழுங்கக்கூடியது, மழுங்கியதைக் கண்டறிய மின்னணு நுண்ணோக்கி வேண்டும்.

எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. சித்திரை வெயிலில் ஏசி நின்று நின்று ஓடும்போதும், மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போதும் அறை வெப்பநிலை ஏறி இறங்கும். தங்கம் பூசிய கேன்டிலீவர் அதற்கேற்ப வளைவதால், செல்லைத் தொடுவதற்கு முன்பே வளைகோட்டின் அடித்தளம் (விசையற்ற தொடக்கக் கோடு) சரியத் தொடங்கிவிடும். இந்தச் சரிவு இரு முனைகளுக்கும் பொது. ஆனால் 1 கிலோபாஸ்கல் விறைப்புள்ள செல்லை 0.5 மைக்ரான் ஆழத்துக்கு அழுத்த, 5 மைக்ரான் உருண்டைக்குச் சுமார் 1 நானோநியூட்டன் விசை வேண்டும். 35 பாகை அரைக்கோணமுள்ள கூம்புக்கு 0.15 போதும். ஏனெனில் அந்த ஆழத்தில் உருண்டை தொடும் பரப்பு ஏறத்தாழ 4 சதுர மைக்ரான், கூம்பு தொடுவது அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒரே அளவு சரிவு உருண்டையின் வளைகோட்டில் சிறு திருத்தமாக முடிந்துவிட, கூர்முனையின் வளைகோட்டில் தொடுபுள்ளி எங்கே என்பதையே ஐயத்துக்குள்ளாக்கிவிடுகிறது. குளிரூட்டல் நிலையாக உள்ள ஆய்வகங்களுக்கு இது பெரிய காரணமாகத் தோன்றாமல் போகலாம்.

உருண்டைக்குப் பராமரிப்பு கூடுதல். பரப்பு பெரிது என்பதால் புரதமும் செல்லுறைத் துணுக்குகளும் எளிதில் படியும். முனையைப் பின்வாங்கும்போது பதிவாகும் வளைகோட்டில் அடித்தளத்துக்குக் கீழே நீண்ட வால் தோன்றி, அது படிப்படியாக அறுபட்டால் அழுக்கு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுத்தமான கண்ணாடியில் அழுத்தியபோதும் அந்த வால் நீங்காவிட்டால், கழுவாமல் அடுத்த செல்லுக்குப் போகக் கூடாது.

செல்லின் ஓரம் வேறு கதை. ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிப்புள்ள விளிம்பில் உருண்டை அடியிலுள்ள கண்ணாடியின் விறைப்பையும் சேர்த்தே உணரும். இதற்கு டிமிட்ரியாடிஸ் குழுவினர் 2002இல் தந்த மெல்லடுக்குத் திருத்தம் உண்டு என்றாலும், அதை நாங்கள் ஓரளவுக்கே முயன்றிருக்கிறோம். அங்கே கூர்முனையை எடுப்பவரோடு வாதிட மாட்டேன். உட்கருவுக்கு மேலே, செல்லின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் அழுத்துவோருக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

இரு முனைகளின் எண்களையும் ஒரே அட்டவணையில் வைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். ஒரே செல்லிலும் கூர்முனை பொதுவாக உயர்ந்த மதிப்பையே தருகிறது. 2018இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் வந்த பன்னாட்டு ஒப்பீட்டில், எம்சிஎஃப்-7 எனும் ஒரே மார்பகப் புற்றுநோய்ச் செல்வகையை வெவ்வேறு முறைகளில் அளந்தபோது விறைப்பைச் சுட்டும் மீட்சிக் குணகங்கள் ஆயிரம் மடங்கு வரை வேறுபட்டன. முனையின் வடிவம், ஆரம், அழுத்திய வேகம், ஆழம் ஆகியவற்றை எழுதாமல் கிலோபாஸ்கலை மட்டும் தரும் கட்டுரைகளை எங்கள் எண்களோடு ஒப்பிடுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.