ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்: ஏற்காடு ஏறி இறங்கும் கார்ப்ரேட்டர் மாருதி 800

சேலம் அஸ்தம்பட்டி சிக்னலில் நின்றால் வண்டி ஆஃப் ஆகும். கோரிமேடு தாண்டி ஓட்டத்தில் இருந்தால் ஒரு குறையும் தெரியாது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்ரேட்டர் உள்ள பழைய 800-இல் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடுவது) கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். உடனே ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீடு ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றிவிடுவார்கள், வண்டியும் ஆஃப் ஆகாமல் நிற்கும். வினையே அங்கேதான் ஆரம்பம்.

ஐடிலிங்கில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். ஸ்லோ ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துளை வழியாக வரும் பெட்ரோல், தகட்டுக்குக் கீழே உள்ள சின்னத் துளையில் இறங்கும். பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவுக்குக் கட்டுப்பட்டது அந்தத் துளை மட்டும்தான். ஸ்பீடு ஸ்க்ரூவை ஏற்றினால் தகடு திறந்து, மேலே உள்ள அடுத்த துளையும் பெட்ரோல் விட ஆரம்பிக்கும். பிறகு மிக்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் எஞ்சினில் பெரிய மாற்றம் இராது. மலை இறக்கத்தில் கியர் பிடிமானமும் குறையும், பிரேக் வீணாகச் சூடாகும்.

முதலில் சோலனாய்டு, அதாவது சாவியை அணைத்ததும் ஐடிலிங் பெட்ரோலை ஊசியால் அடைக்கும் மின் வால்வு. சாவியை ஆன் செய்ததும் கார்ப்ரேட்டரில் 'டிக்' என்று கேட்க வேண்டும். ஐடிலிங்கில் அதன் ஒயரைக் கழற்றினால் வண்டி உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே ஊசி சிக்கியிருக்கும், அல்லது யாரோ ஊசியையே வெட்டி எடுத்திருப்பார்கள். பழைய வண்டிகளில் இந்த வைத்தியம் சகஜம். சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் உதறிக்கொண்டு ஓடுவது இதனால்தான்.

அடுத்து காற்றுக் கசிவு. எஞ்சின் உறிஞ்சும் வேக்குவம் ஹோஸ்களை (ரப்பர் குழாய்களை) ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் சீராகிறதோ, கசிவு அந்த வழியில். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக்கை மிதித்துப் பிடிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறிக்கொண்டே இருந்தால் பூஸ்டரின் டயாபிரம் (உள்ளே உள்ள ரப்பர் சவ்வு) போயிருக்கலாம். கார்ப்ரேட்டருக்கு அடியில் உள்ள இன்சுலேட்டர், கேஸ்கெட் பக்கம் கசிந்தால் நட்டை மேலும் முறுக்காதீர்கள். அடிப்பாகம் வளைந்து கசிவுதான் கூடும். ஸ்லோ ஜெட் அடைத்திருந்தால் கிளீனரும் காற்றும் போதும். கம்பி விட்டால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும், ஜெட்டையே மாற்ற வேண்டியதுதான்.

தீப்பொறிப் பக்கம், அதாவது பாயிண்ட், பிளக், டைமிங் சரியாக இருந்தால் மட்டும் டியூனிங். எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் (குளிர் ஸ்டார்ட்டுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு) முழுதும் திறந்து, லைட், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓய்ந்திருக்க வேண்டும். ஆக்சிலரேட்டர் கேபிள் சற்றுத் தளர்ந்திருக்கட்டும். எஞ்சினை அணைத்துவிட்டு மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை திருகி, சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் ஊசி முனையில் பள்ளம் விழும். எண்ணிய சுற்றுக்கே திரும்ப வைத்து, ஸ்டார்ட் செய்து, கால் சுற்றுக் கால் சுற்றாக மாற்றி ஆர்.பி.எம். உச்சத்தைத் தேடுங்கள். ஸ்பீடு ஸ்க்ரூவால் 900-க்கு இறக்குங்கள். மீண்டும் மிக்சர், மீண்டும் ஸ்பீடு. இரண்டு, மூன்று தடவையில் படிந்துவிடும்.

இதைச் சேலத்தில் வைத்தே செய்வது நல்லது. ஊர் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. மேலே காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கும் மேல் குறைவு, ஆகவே கலவை சற்று ரிச் (பெட்ரோல் கூடுதல்) ஆகும், ஐடிலிங் கொஞ்சம் இறங்கும். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறியதும் ஸ்க்ரூவைத் திருகினால், அடிவாரம் வந்ததும் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகி உதறும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலே கீழே வண்டியை லீனாக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், மேலே போனால் இரண்டும் ஓரளவு ஈடாகிவிடும். ஆனால் பழைய ரப்பர் ஹோஸுக்கும் டயாபிரத்துக்கும் அந்தப் பெட்ரோல் ஆகாது. வருஷத்துக்கு ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். மெழுகுபோல் அமுங்கினால் மாற்றிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் ஏறி, ஏரிக்கரையில் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு எடுக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுப்பது வேறு கதை. சூட்டில் கார்ப்ரேட்டரில் உள்ள பெட்ரோல் பொங்கி உள்ளே வழிந்திருக்கும். ஆக்சிலரேட்டரைப் பம்ப் செய்யாமல் முழுதாக மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை அடியுங்கள். சோக்கைத் தொட வேண்டாம்.