அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்டோடு நாலு வருஷம்

உள்ளே இருக்கும் லிஸ்ட்டைக் காப்பி எடுக்காமல் வெளியே கொடுக்க ஜாவா புரோகிராமிங்கில் எது நல்ல வழி என்று போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான். நாலு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

எங்களிடம் ஒரு பழைய லைப்ரரி, அதன் ஆர்டர் ஆப்ஜெக்ட்டை எங்கள் ரேப்பருக்குள், அதாவது உறை மாதிரி மேலே சுற்றும் எங்கள் ஆப்ஜெக்ட்டுக்குள், வைத்திருக்கிறோம். உள்ளே இருப்பது அவர்களுடைய ஐட்டம் லிஸ்ட், வெளியே போக வேண்டியது எங்கள் ஐட்டம் லிஸ்ட், அதாவது அவர்கள் ஐட்டம் ஒவ்வொன்றையும் சுற்றிய ரேப்பர்கள். ஜாவாவோடு வரும் பாதி முடித்த லிஸ்ட் கிளாஸான அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்டை எக்ஸ்டெண்ட் செய்து, இத்தனையாவது ஐட்டத்தைத் தரும் கெட், மொத்தம் எத்தனை என்று சொல்லும் சைஸ் இரண்டை மட்டும் எழுதினால் போதும். லூப், சப்லிஸ்ட், ஸ்ட்ரீம் எல்லாம் தானாக வந்துவிடும். வெளியிலிருந்து ஐட்டம் சேர்க்க ஆட் கூப்பிட்டால் எக்செப்ஷன் (பிழை). உள்ளே ஒரு ஐட்டம் சேர்ந்தால் வெளியிலும் உடனே தெரியும். 1998-ல் ஜாவா 1.2-உடன் வந்தது இது, இன்றும் எனக்குப் பிடிக்கும்.

எரிச்சல் எங்கே என்றால், கெட் ஒவ்வொரு முறையும் புது ரேப்பரைத்தான் கொடுக்கிறது. முதல் ஐட்டத்தை எடுத்து, அதே லிஸ்ட்டிடம் "இது உன்னிடம் இருக்கிறதா" என்று கன்டெய்ன்ஸில் கேட்டால் இல்லை என்கிறது! பெற்ற பிள்ளையையே தெரியாத அம்மா மாதிரி. சரி, ரேப்பர்களைச் சேமித்து வைப்போம் என்று உள் ஆப்ஜெக்ட்டைக் கீயாக வைத்து ஒரு வீக்ஹாஷ்மேப் போட்டேன், கீயை வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால் அந்த என்ட்ரியைத் தானே விட்டுவிடும் மேப் அது. வேல்யூவான ரேப்பர் கீயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் ஒரு என்ட்ரிகூடப் போகவில்லை, மெமரி ஏறிக்கொண்டே போனது. டாக்குமென்டேஷனில் இந்த எச்சரிக்கை தெளிவாகவே இருக்கிறது, படிக்காதது என் தப்பு.

கடைசியில் மேப்பைத் தூக்கிவிட்டு, ரேப்பரில், இரண்டு ஆப்ஜெக்ட் சமமா என்று கன்டெய்ன்ஸ் கேட்கும் ஈக்வல்ஸ், அதோடு ஒத்துப்போக வேண்டிய ஹாஷ்கோட் இரண்டையும் உள்ளிருக்கும் ஆப்ஜெக்ட் ஒன்றேதானா என்று மட்டும் பார்க்கும்படி எழுதினேன், பிரச்சினை தீர்ந்தது. பத்து வரி ரிப்பேர், இரண்டு நாள் தலைவலி. அப்புறம் இன்னொன்று, உள்ளே ஐட்டங்களைச் சங்கிலியாகக் கோர்த்த லிங்க்ட்லிஸ்ட் இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள். லூப் ஒவ்வொரு சுற்றிலும் கெட்டைக் கூப்பிடும், அது ஒவ்வொரு முறையும் நடந்துபோய் எண்ணும்.

நண்பனுக்கு என்ன சொன்னேன்? நூறு ஐட்டம்தானே, ஜாவா 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்ட்ரீமில் மேப் போட்டு ஒவ்வொன்றையும் ரேப்பராக மாற்றி, டுலிஸ்ட்டில் புது லிஸ்ட்டாகவே கொடுத்துவிட்டுத் தூங்கு என்றேன். அப்படியானால் நீயும் மாற்றப்போகிறாயா என்றான். மாட்டேன்.