புதிய கோச் வந்ததும் எதைத் தொடங்க வேண்டும்? ஜங்ஷன் முதல் இந்தியானா வரை ஓர் ஒப்பீடு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நவம்பர் இறுதியும் டிசம்பரும் கோச்சுகள் மாறும் காலம். தோற்றுக்கொண்டிருக்கும் கல்லூரி பழையவரை அனுப்பிவிட்டுப் புதியவரை அழைத்து வருகிறது. வந்தவர் முதல் செய்தியாளர் சந்திப்பிலேயே அணியில் ஒழுங்கைக் கொண்டுவரப் போவதாக அறிவிக்கிறார். எப்படிக் கொண்டுவருவார் என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால் இதற்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத சில வழிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் விலை கொடுப்பவர்களும் வேறு வேறானவர்கள்.

இந்த ஆட்டத்தில் ஒழுங்கு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். இது காலால் உதைத்து ஆடும் ஆட்டமல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறும் ஆட்டம். தாக்கும் அணியின் முன்வரிசையினர் அசையாமல் நின்று, பந்து பின்னுக்கு வந்த நொடியில் ஒன்றாகப் புறப்பட வேண்டும். முன்வரிசையில் ஒருவர் ஒரு கணம் முந்தி அசைந்தால் அணி 5 கஜம் பின்வாங்க வேண்டும். விசில் ஊதிய பிறகு கோபத்தில் ஒருவரை இடித்தால் 15 கஜம். பத்து கஜம் முன்னேற நான்கே வாய்ப்புகள் உள்ள ஆட்டத்தில் இது சிறிய இழப்பல்ல. களத்துக்கு வெளியே, பதினெட்டு வயது முதல் இருபத்திரண்டு வயது வரையிலான நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் வகுப்புக்கும் போக வேண்டும், தேர்வும் எழுத வேண்டும். இவர்களை ஒரே நேரத்தில் ஒரே திசையில் நகர்த்துவதுதான் கோச்சின் வேலை.

மிகவும் புகழ்பெற்ற வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1954இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்குப் புதிய கோச்சாக வந்தார் பேர் பிரையன்ட். அந்த செப்டம்பரில் ஆட்டக்காரர்களை பஸ்ஸில் ஏற்றி ஜங்ஷன் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோனார். டெக்சஸ் கொடிய வறட்சியில் காய்ந்துகொண்டிருந்த காலம் அது. கல்லும் முள்ளும் நிறைந்த தரையில், கடும் வெயிலில், தண்ணீர் கொடுக்காமல் பத்து நாள் பயிற்சி நடந்தது. தண்ணீர் குடித்தால் ஆள் பலவீனமாவான் என்று அன்றைய கோச்சுகள் பலர் நம்பினார்கள். நூறு பேர் அளவில் போனார்கள், முப்பத்தைந்து பேர் அளவில்தான் நிலைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இரவில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. ஒருவர் வெப்பத் தாக்குதலில் சுருண்டு விழுந்து உயிர் பிழைத்தார்.

இந்தக் கதை எழுபது ஆண்டுகளாகப் பெருமையோடு சொல்லப்படுகிறது. 1956இல் அதே அணி ஒரு தோல்வியும் இல்லாமல், 9 வெற்றி, ஒரு டிராவுடன் தன் கூட்டமைப்பின் (ஒன்றோடொன்று மோதும் கல்லூரிகளின் குழு) பட்டத்தை வென்றது என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். நான் இதை ஏற்கவில்லை. ஜங்ஷன் முடிந்து வந்த 1954 சீசனில் அந்த அணி ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று ஒன்பதில் தோற்றது. பிரையன்ட்டின் நீண்ட வாழ்க்கையில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த சீசன் அது ஒன்றுதான். அடுத்து வந்த வெற்றிக்கு முக்கியத் தூணாக இருந்த ஜான் டேவிட் க்ரோ, 1957இல் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வென்றவர், ஜங்ஷனுக்குப் போகவே இல்லை. முதலாண்டு மாணவர்கள் அன்று பெரிய அணியில் ஆட முடியாது என்பதால் அவரும் அவருடைய வகுப்பினரும் அந்த முகாமில் இல்லை. அங்கே தாக்குப்பிடித்த ஜீன் ஸ்டாலிங்ஸ், ஜாக் பார்டி போன்றவர்கள் பிற்காலத்தில் பெரிய பெயர் எடுத்தார்கள், உண்மை. ஆனால் ஓடிப்போனவர்களில் எத்தனை நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள் என்பதை எவரும் கணக்கெடுக்கவில்லை. நிலைத்தவர்கள் மட்டுமே கதை சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்று ஒரு கல்லூரி எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் உதவித்தொகை கொடுக்கலாம். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ 1973இல்தான் 105 என்ற வரம்பை விதித்தது. பின்னர் அது 95ஆகவும் 85ஆகவும் குறைந்தது. ஐம்பது பேரை விரட்டிவிட்டு ஐம்பது பேரைப் புதிதாகச் சேர்க்க முடிந்தவருக்கு விரட்டுவது செலவில்லாத காரியம். விரட்டப்பட்டவருக்கோ அது படிப்பும் வாழ்வும்.

பிரையன்ட்டின் காலம் வேறு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. 2018 மே 29 அன்று மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஜோர்டான் மெக்நேர் என்ற 19 வயது இளைஞர் தொடர் ஓட்டப் பயிற்சியில் வெப்பத் தாக்குதலுக்கு ஆளானார். உடலை உடனே குளிர்நீரில் ஆழ்த்தியிருக்க வேண்டும், அது செய்யப்படவில்லை. ஜூன் 13 அன்று இறந்தார். பல்கலைக்கழகத் தலைவரே சட்டப்படியும் அறப்படியும் பொறுப்பேற்றுக்கொண்டார். அந்த அணியை விசாரித்த குழு, ஆட்டக்காரர்களில் பலர் வாய் திறக்க அஞ்சினார்கள் என்பதைப் பதிவுசெய்தது. கோச் டி.ஜே. டர்கினை மீண்டும் பணியில் அமர்த்த நிர்வாகக் குழு முடிவெடுத்த மறுநாளே, எழுந்த கண்டனத்தில் அவர் நீக்கப்பட்டார். அச்சத்தால் அமைதியாக இருக்கும் அணி வெளியிலிருந்து பார்க்கக் கட்டுப்பாடான அணியைப் போலவே தெரியும். இந்த வழியின் மிகப் பெரிய ஆபத்து அதுதான்: தனக்கு மயக்கம் வருகிறது என்று சொல்ல வேண்டிய பையன் சொல்ல மாட்டான், அவனருகில் நிற்பவனும் சொல்ல மாட்டான்.

இரண்டாவது வழி கோச் லூ ஹோல்ட்ஸுடையது. விதிகள் குறைவு: சரியானதைச் செய், முழு முயற்சியைக் கொடு, பிறர்மீது அக்கறை காட்டு என்ற மூன்றையே அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். மீறினால் யாராயிருந்தாலும் தண்டனை. 1977இல் ஆர்கன்சாஸ் அணிக்கு வந்த முதல் ஆண்டிலேயே இதற்குச் சோதனை வந்தது. சீசன் முடிவில் நடக்கும் ஆரஞ்ச் பவுல் என்ற பெரிய ஆட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன், விடுதியில் நடந்த ஒரு தவறான நிகழ்வுக்காக மூன்று முன்னணி ஆட்டக்காரர்களை இடைநீக்கம் செய்தார். அந்த சீசனின் டச் டவுன்களில் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்துப் புள்ளி பெறுதல்) பெரும்பங்கு அவர்களுடையது. எதிரணி ஓக்லஹோமா, தேசியப் பட்டத்தை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. 1978 ஜனவரி 2 அன்று ஆர்கன்சாஸ் 31-6 என்று வென்றது. மாற்றாக இறங்கிய ரோலண்ட் சேல்ஸ் 205 கஜம் ஓடினார்.

பத்தாண்டு கழித்து நோட்ர டேம் பல்கலைக்கழகத்திலும் இதையே செய்தார். 1988 நவம்பரில் முதலிடத்திலிருந்த நோட்ர டேமும் இரண்டாமிடத்திலிருந்த தெற்கு கலிஃபோர்னியாவும், இரண்டுமே 10-0 (பத்து வெற்றி, தோல்வி இல்லை) என்ற நிலையில், மோத இருந்தன. அணிக் கூட்டத்துக்குத் திரும்பத் திரும்பத் தாமதமாக வந்த டோனி புரூக்ஸ், ரிக்கி வாட்டர்ஸ் இருவரையும் ஆட்டத்துக்கு முந்தைய நாள் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நோட்ர டேம் 27-10 என வென்றது. அந்த ஆண்டின் பட்டமும் அதற்குத்தான்.

இந்த வழியில் நான் பெரிதும் மதிப்பது, தண்டனை மேலிருந்து தொடங்கியது என்பதை. எத்தனையோ புதிய கோச்சுகள் பெஞ்சில் அமர்ந்திருக்கும் நான்காம் நிலை ஆட்டக்காரரை நீக்கிவிட்டுத் தம் கண்டிப்பை நிரூபித்துவிட்டதாக நினைக்கிறார்கள். உடை மாற்றும் அறையில் இருக்கும் சக ஆட்டக்காரர்களுக்கு அது ஒன்றையும் சொல்வதில்லை. ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் தாமதமாக வந்த நாளில் என்ன நடந்தது என்பதைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனாலும் இதை மட்டுமே நம்பி அணியைக் கட்ட முடியாது. தண்டனை எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும். எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுக்காது. ஹோல்ட்ஸே நோட்ர டேமில் முதல் ஆண்டு 5-6 என்றுதான் முடித்தார்.

மூன்றாவது வழிக்கு மற்றவற்றைவிட அதிக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் இதற்குப் புகழ் குறைவு. 1988 நவம்பரில் பில் ஸ்னைடர் கான்சஸ் மாநிலத்திலுள்ள மன்ஹாட்டனுக்கு வந்தபோது, கான்சஸ் ஸ்டேட் ஐநூறு தோல்விகளைத் தாண்டிய அணியாக இருந்தது. 1986இலிருந்து ஓர் ஆட்டத்தைக்கூட வென்றிருக்கவில்லை. அவர் யாரையும் பாலைவனத்துக்குக் கொண்டுபோகவில்லை. பதினாறு இலக்குகளை எழுதி வைத்தார்: ஈடுபாடு, தன்னலமின்மை, ஒற்றுமை, சுயக்கட்டுப்பாடு, தவறுகளைக் களைதல், பொறுப்பேற்றல் என்று போகும் பட்டியல். அதில் தினமும் கொஞ்சம் மேம்படுவதும் ஓர் இலக்கு. ஆட்டத்தை வெல்வது பற்றி அதில் இருப்பது, வெல்வோம் என்று எதிர்பார்க்க வேண்டும், தோல்வியை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்ற அளவுதான்.

1989 செப்டம்பர் 30 அன்று வட டெக்சஸ் அணிக்கு எதிராக, நேரம் முடிந்த கடைசி நொடியில் எறிந்த பந்தில் 20-17 என்று வென்றார்கள். முப்பது ஆட்டங்களாக நீடித்த வெற்றியில்லாக் காலம் அங்கே முடிந்தது. அந்த ஆண்டு அது ஒன்றுதான் வெற்றி; சீசன் 1-10. அடுத்த ஆண்டு 5-6, பிறகு 7-4, மறுபடி 5-6 என்று சறுக்கல், 1993இல் 9-2-1 (கடைசி எண் டிரா). 1998இல் வழக்கமான சீசனை ஒரு தோல்வியும் இல்லாமல் முடித்தது அந்த அணி. 2003இல் ஓக்லஹோமாவை 35-7 என்று வீழ்த்திக் கூட்டமைப்புப் பட்டத்தைப் பெற்றது. இதற்கிடையே ஸ்னைடர் காயம்பட்ட எதிரணி ஆட்டக்காரர்களுக்குக் கைப்படக் கடிதம் எழுதுபவராகவும் அறியப்பட்டார். கண்டிப்பும் மரியாதையும் ஒரே ஆளிடம் இருப்பதைத் தினமும் பார்க்கும் இளைஞன் அதிலிருந்து கற்றுக்கொள்வது மிகுதி.

கோச் நிக் சேபனின் முறையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1998இல் மிச்சிகன் ஸ்டேட்டில் இருந்தபோது, மனநல மருத்துவர் லயனல் ரோஸனின் ஆலோசனைப்படி, ஆட்டத்தின் முடிவை மறந்து, அடுத்த சில நொடிகள் நடக்கும் ஒரு நகர்வை மட்டும் சரியாகச் செய்யச் சொன்னார். முதலிடத்திலிருந்த ஒஹையோ ஸ்டேட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 28-24 என்று வென்றார்கள். 2007இல் அலபாமாவுக்கு வந்த முதல் ஆண்டு சேபன் 7-6. லூசியானா-மன்ரோ என்ற சிறிய அணியிடம் வீட்டிலேயே 21-14 என்று தோற்றார். அந்தத் தோல்விக்குப் பின் முறையை மாற்றவில்லை. அடுத்த ஆண்டு வழக்கமான சீசன் 12-0, அதற்கடுத்த ஆண்டு தேசியப் பட்டம்.

பிரையன்ட், ஹோல்ட்ஸ், ஸ்னைடர், சேபன் நால்வரும் இப்படி ஒரு மோசமான முதல் ஆண்டைக் கடந்தவர்கள்தான். தோற்கும்போது ஒவ்வொரு முறைக்கும் என்ன மிச்சமிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. அச்சத்தை நம்பியவர் தோற்றால் மேலும் கடுமையாக்க வேண்டும். தண்டனையை நம்பியவர் குற்றவாளியைத் தேட வேண்டும். பழக்கத்தை நம்பியவர் மட்டும் திங்கட்கிழமை அணியைக் கூட்டி, இந்த வாரம் எது மேம்பட்டது, எது மேம்படவில்லை என்று காட்ட முடியும்.

நான்காவது வழி இன்றைய காலத்தது: ஆட்களையே மாற்றிவிடுவது. 2021 முதல் ஆட்டக்காரர் ஓராண்டு உட்காராமலே வேறு கல்லூரிக்கு மாறி ஆடலாம். அதே ஆண்டு தம் பெயரை வைத்துப் பணம் ஈட்டவும் அனுமதி வந்தது. 1-11 என்று முடித்திருந்த கொலராடோவுக்கு 2022 டிசம்பரில் வந்த டியான் சாண்டர்ஸ், இருக்கும் ஆட்டக்காரர்களிடம் வேறிடம் பார்த்துக்கொள்ளும்படி முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2023இல் 4-8, 2024இல் 9-4, பெரிய நட்சத்திரங்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போன பிறகு 2025இல் 3-9. முன்னேற்றம் நிகழ்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது வந்த ஆட்களோடு வந்து, அவர்களோடு போனது.

இந்தியானாவுக்கு 2023 நவம்பர் 30 அன்று அமர்த்தப்பட்ட கர்ட் சிக்னெட்டியும் ஆட்களைக் கொண்டுவந்தவர்தான். ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் தம்மிடம் ஆடிய பதின்மூன்று பேரையும் முக்கிய உதவிக் கோச்சுகளையும் உடன் அழைத்து வந்தார். அவர்கள் திறமையோடு ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். எப்படிப் பயிற்சி செய்வது என்பதைப் புதியவர்கள் சக ஆட்டக்காரரைப் பார்த்தே கற்றார்கள். அவருடைய பயிற்சி நேரம் நீளமானதல்ல, குறுகியது. ஆனால் அதற்குள் தளர்வுக்கு இடமில்லை. முந்தைய ஆண்டு 3-9 என்றிருந்த அணி 2024இல் 11-2. 2025இல் ஒஹையோ ஸ்டேட்டை 13-10 என்று வென்று தன் கூட்டமைப்பின் பட்டத்தையும் பிடித்தது. 2007இல் சேபனின் முதல் அலபாமாக் குழுவில் உதவிக் கோச்சாக இருந்தவர் இந்த சிக்னெட்டி.

இன்று பதவியேற்கும் ஒருவர் என்னைக் கேட்டால், ஸ்னைடரின் வழியை அடித்தளமாக வையுங்கள், சிக்னெட்டியைப் போல அந்தப் பழக்கம் உள்ள சிலரைக் கூட்டி வாருங்கள், ஹோல்ட்ஸின் துணிச்சலை அணியின் முதல் நட்சத்திரம் விதி மீறும் நாளுக்காக வைத்திருங்கள் என்பேன். ஜங்ஷனை முற்றாக விட்டுவிடுங்கள். வெயிலில் பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் கோச்சிடம் அல்ல, மருத்துவக் குழுவிடம் இருக்க வேண்டும். அதை முதல் கூட்டத்தில் ஆட்டக்காரர்களின் முன்னிலையில் கோச்சே அறிவிக்க வேண்டும். அவரை அமர்த்தும் கல்லூரிக்கும் ஒரு கடமை உண்டு. 1-10க்குப் பிறகும் கான்சஸ் ஸ்டேட் ஸ்னைடரை வைத்துக்கொண்டது. முதல் ஆண்டிலேயே வெற்றி தோல்வி எண்ணிக்கையைப் பார்த்துத் தவிக்கும் நிர்வாகம் பழக்கத்தை வளர்க்கும் கோச்சைத் தேடாமல் இருப்பதே மேல்; அவருக்கு வேண்டிய மூன்று நான்கு ஆண்டுகளை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே கொடுத்துவிட வேண்டும்.