மாதம் 16 மணி நேரம் இருந்தால் யாரிடம் கொடுப்பது?

என் மச்சினன் போன மாதம்தான் குடியுரிமை எடுத்தான். மன்னார்குடிப் பையன், சிங்கப்பூர் வந்து பதினொரு வருடம் ஆகிறது, செங்காங்கில் வீடு, மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். இளஞ்சிவப்பு அடையாள அட்டை கைக்கு வந்த சந்தோஷத்தில் எங்களை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். பாதிச் சாப்பாட்டில், "அத்தான், நானும் உங்கள மாதிரி போலிஸ்ல தொண்டூழியரா சேரலாம்னு பாக்குறேன். நாளைக்கு பையன் தேசிய சேவைக்குப் போவான், அப்பன் ஒண்ணும் செய்யலன்னா எப்படி?" என்றான். (தேசிய சேவை என்பது இங்கே பையன்களுக்குக் கட்டாயமான இரண்டு வருடச் சீருடைச் சேவை.)

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் "சரி, வா மாப்ள" என்று உடனே சொல்லிவிட மனம் வரவில்லை. ஆறு வருடமாக இதில் இருக்கிறேன். ஆசையோடு வந்து, சீருடையைப் போட்டுப் படமெல்லாம் எடுத்துக்கொண்டு, ஒரு வருடம் முடிவதற்குள் ஓய்ந்து போனவர்களை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள்தான். தங்களிடம் என்ன மாதிரி நேரம் இருக்கிறது என்று யோசிக்காமல் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால் அவனிடம், இங்கே நாலு வாசல் இருக்கிறது, நாலையும் பார்த்துவிட்டுப் பிறகு கதவைத் தட்டு என்றேன். அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விமான நிலையத்திலும் சோதனைச்சாவடியிலும் செர்டிஸ், ஏட்டோஸ் என்று நிறுவனப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் துணைப் போலிஸ். அது சம்பளத்துக்குப் பார்க்கும் முழுநேர வேலை. மச்சினன் இத்தனை நாளும் அவர்களைத்தான் தொண்டூழியர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். அவர்கள் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

இப்போது நான் இருக்கும் இடம். தொண்டூழியச் சிறப்புக் காவல்படை, நாங்கள் விஎஸ்சி என்போம். போர் முடிந்த கையோடு 1946இல் தொடங்கியது, சிங்கப்பூர் தனிநாடு ஆவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. பெயரில் தொண்டூழியம் இருப்பதால் ஏதோ கோயில் திருவிழாவில் தண்ணீர் ஊற்றும் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. 1955 ஹாக் லீ பேருந்துக் கலவரத்தில் உயிரிழந்தவர்களில் ஒருவர் இந்தப் படையைச் சேர்ந்த ஆண்ட்ரூ தியோ. பணியில் இருக்கும்போது முழுநேரப் போலிஸ்காரருக்கு உள்ள அதே அதிகாரம் உனக்கும் உண்டு, இடுப்பில் அதே பெல்ட்டும் கைவிலங்கும்தான். பதவிப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ‘வி’ என்ற எழுத்தை வைத்துத்தான் வேறுபடுத்தலாம், அதை யார் பார்க்கப் போகிறார்கள்? எதிரே நிற்பவனுக்கு நீ மாத்தா, அதாவது போலிஸ், அவ்வளவுதான்.

குறைந்தது மாதம் 16 மணி நேரம். கேட்டால் சின்னதாகத் தெரியும், இரண்டு எட்டு மணி நேரப் பணி. ஆனால் அந்த இரண்டு பணியும் பெரும்பாலும் வெள்ளி இரவும் சனி இரவும்தான், ஏனென்றால் உனக்கு ஓய்வு அப்போதுதான், ஊருக்குச் சண்டையும் அப்போதுதான். மணிக்கணக்கில் ஒரு சிறு படி கொடுக்கிறார்கள். டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும், அதை வருமானம் என்று வீட்டில் சொல்லிவிடாதே.

அதற்கு முன்னால் பயிற்சி இருக்கிறது. பழைய சுவா சூ காங் சாலையில் உள்துறைக் குழுப் பயிற்சிக் கழகம். நான் துவாஸில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்து பூன் லேயில் 172ஆம் எண் பேருந்தைப் பிடித்து, ஆளரவம் குறைந்த சாலையில், சுற்றுவட்டாரத்தில் இடுகாடுகள் இருக்கும் பகுதி வழியாகப் போய் இறங்குவேன். பையில் அலுவலகச் சட்டை, கையில் பாதி தின்ற கறிபஃப். வாரத்தில் இரண்டு மாலை, இடையிடையே சனிக்கிழமை, இப்படியே பல மாதம். ஓட்டம், அணிவகுப்பு, தற்காப்பு, துப்பாக்கிப் பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் என்னைத் திணறடித்தது சட்டப் பாடம்தான். எந்தக் குற்றத்துக்குப் பிடியாணை இல்லாமல் பிடிக்கலாம், எதற்குப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் அடுத்து வாயில் என்ன வர வேண்டும் என்பதெல்லாம் இரவு பத்து மணிக்கு, காலையில் ஆறு மணிக்கு எழுந்தவன் மூளையில் ஏறவே ஏறாது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார நண்பர் ஒருவர், தமக்கு ஐம்பது வயதாகிவிட்ட மாதிரி இருக்கிறது என்பார். அவருக்கு முப்பத்திரண்டு.

அப்புறம் பணி. வழக்கு விவரம் எதுவும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. பொதுவாகச் சொன்னால், கழக வீட்டில் (அரசு கட்டிய அடுக்குமாடி வீடு) நள்ளிரவு ஒரு மணிக்குக் கணவன் மனைவி சண்டை, மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம், கடன்முதலைகள் கதவில் ஊற்றிய சிவப்புச் சாயம், கோப்பிக் கடையில் குடித்துவிட்டு எழுந்திருக்க மறுக்கும் அங்கிள். என்னோடு முதல் பணியில் வந்த சார்ஜண்ட், ஒரு வீட்டு வாசலில் அழைப்பு மணியை அடிக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். கதவுக்கு நேரே நிற்காதே, பக்கவாட்டில் நில் என்றார். அப்புறம் கீழே காட்டினார். செருப்பு. எத்தனை ஜோடி, எவ்வளவு பெரியது, குழந்தைச் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தால் உள்ளே யார் யார் என்று பாதி தெரிந்துவிடும். பல மாதப் பாடத்தில் இது இல்லை. இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால்கூட முதலில் செருப்பைத்தான் எண்ணுகிறேன், மனைவிக்கு எரிச்சல்.

தமிழ் தெரிந்தால் இங்கே தனி மதிப்பு. 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு, 2015இல் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அந்த வட்டாரத்தில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவன் பீர் டின்னோடு புல்தரையில் உட்கார்ந்திருப்பான். ஆங்கிலத்தில் சொன்னால் முறைப்பான் அல்லது நடுங்குவான். "தம்பி, இங்க வார இறுதியில குடிக்கக் கூடாதுப்பா, கொட்டிட்டு எழுந்துரு" என்றால் தீர்ந்தது, கூடவே எந்த ஊர் என்று என்னையே திருப்பிக் கேட்பான். ஒரு தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் பக்கம் பணி. என் சித்தியே பால்குடத்தோடு வந்து, "டேய், நீயாடா?" என்று நின்றுவிட்டார். பின்னால் வந்த கூட்டமும் நின்றுவிட்டது. நான்தான் "நகருங்க, நகருங்க" என்று அவரையே விரட்ட வேண்டியிருந்தது.

சரி, அடுத்த வாசல். ஆயுதப்படைத் தொண்டூழியர் பிரிவு. நேர்மையாகச் சொன்னால், மச்சினனைப் போன்றவர்களை மனத்தில் வைத்து உருவாக்கியதே இதைத்தான். 2014இல் அமைத்தார்கள், முதல் அணி 2015இல் பயிற்சிக்குப் போனது. தேசிய சேவைக் கடமை இல்லாத பெண்கள், முதல் தலைமுறை நிரந்தரவாசிகள், புதுக் குடிமக்கள், இவர்களுக்கு மட்டும். என்னைப் போல இரண்டு வருடம் ராணுவத்தில் சேவை செய்தவனை அங்கே சேர்க்க மாட்டார்கள். மாஜு முகாமில் இரண்டு வார அடிப்படைப் பயிற்சி, பிறகு அவரவர் பணிக்கேற்ற பயிற்சி. அதன் பின் வருடத்துக்கு அதிகபட்சம் 14 நாள் பணி. முக்கியக் கட்டடங்களைக் காவல் காக்கும் வேலையும் உண்டு, மருத்துவம், சட்டம், உளவியல், பொறியியல் என்று தொழில் தெரிந்தவர்களுக்கு அது சார்ந்த வேலையும் உண்டு.

வித்தியாசம் எங்கே என்றால், விஎஸ்சி உன் ஒவ்வொரு மாதத்திலிருந்தும் ஒரு துண்டை வெட்டி எடுக்கும், இது வருடத்தில் ஒரு கட்டியாக எடுத்துக்கொண்டு மற்ற நாளெல்லாம் உன்னைச் சும்மா விட்டுவிடும். விடுப்பு முன்கூட்டியே போட முடிகிற அலுவலக வேலை உள்ளவருக்கு இது வசதி. நம்மவர்களுக்கு ஒரு சங்கடம், அந்த விடுப்பைத்தான் ஊருக்குப் போகச் சேர்த்து வைத்திருப்போம். பொங்கலுக்கு மன்னார்குடியா, மாஜு முகாமா என்ற கேள்வி ஒரு நாள் வரும். இன்னொன்று, அங்கே நீ முகாமிலோ காவல் காக்கும் இடத்திலோ இருக்கும் ஆள். தெருவில் ஒருவனை நிறுத்திப் பேசும் வேலை கிடையாது. அது வேண்டாம் என்பவருக்கு நிம்மதி, அதற்காகவே வருகிறவருக்கு ஏமாற்றம்.

மூன்றாவது குடிமைத் தற்காப்புப் படையின் தொண்டூழியத் துணைப் பிரிவு. தீயணைப்பு நிலையத்திலோ ஆம்புலன்ஸிலோ முழுநேர ஊழியர்களோடு சேர்ந்து போகும் வேலை. எனக்கு அனுபவம் இல்லை, ஈசூனில் இருக்கும் நண்பர் ஒருவர் ஆம்புலன்ஸில் போகிறார். நாங்கள் இருவரும் கதை பேசும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமை வரும். அவர் கதவைத் தட்டினால் "வாங்க வாங்க, சீக்கிரம்" என்கிறார்கள். நான் தட்டினால், கூப்பிட்டவர் ஒருவர், கூப்பிட்டதற்குக் கோபப்படுகிறவர் இன்னொருவர், அநேகமாக இருவரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். அவருக்கு வேறு சுமை. எட்டாவது மாடியில் ஒரு தாத்தாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்து, உயிர் வரவில்லை என்றால், அந்த வாரம் முழுக்க அவர் என் குறுஞ்செய்திக்குப் பதில் போட மாட்டார்.

அந்த வேலையின் ஒரு துளியை மட்டும் எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. 2015இல் வந்த மைரெஸ்பாண்டர் செயலி. உன்னைச் சுற்றி 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயம் நின்றுவிட்டது என்று 995 ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைப்பு போனால் கைப்பேசி அலறும். முடிந்தால் ஓடு, முடியாவிட்டால் குற்றமில்லை. இரண்டு கழக புளோக்குக்கு ஒன்று என்று மின்தூக்கி அருகே ஏஇடி என்ற, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை மாட்டி வைத்திருக்கிறார்களே, அது அதற்குத்தான். நெஞ்சழுத்தப் பயிற்சி சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சீருடை கிடையாது, மாதக் கணக்கு கிடையாது, யாரும் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், நாலில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் இதைக் கைப்பேசியில் வைத்துக்கொள்வதில் விவாதமே இல்லை.

நான்காவது, அக்கம்பக்கத்தில் மேலங்கி போட்டுக்கொண்டு, கையில் விளக்கோடு புளோக் புளோக்காக நடக்கும் குடியிருப்பாளர் சுற்றுக்காவல். சமூகக் கண்காணிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் வட்டாரக் குற்றச் செய்திகளும் காணாமல் போனவர் விவரங்களும் கைப்பேசிக்கு வரும். அதிகாரம் எதுவும் கிடையாது. கண் முன்னால் பெரிய குற்றம் நடந்தால் சாதாரணக் குடிமகனும் ஆளைப் பிடித்து ஒப்படைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் இங்கே உனக்குச் சொல்லித்தருவது அதுவல்ல, பார், குறித்துக்கொள், 999க்குச் சொல் என்பதுதான்.

இதைச் சிலர் வயதானவர்களின் மாலை நடை என்று கிண்டல் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை. 2024இல் மட்டும் இந்த ஊரில் மோசடிக்காரர்கள் கொண்டுபோன பணம் 110 கோடி வெள்ளி. அந்தப் பணத்தை ரோந்து காரில் துரத்திப் பிடிக்க முடியாது. கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம், "பாட்டி, பேங்க்லேர்ந்து பேசறேன்னு எவனாவது சொன்னா போனை வெச்சிடுங்க, சந்தேகம்னா 1799க்குக் கேளுங்க" என்று தமிழில் பத்து தடவை சொல்ல, அந்தப் பாட்டிக்குத் தெரிந்த முகம் வேண்டும். பணி முடிந்து அடுத்த வட்டாரத்துக்குப் போய்விடும் என்னைவிட, அதே புளோக்கில் இருபது வருடமாக இருக்கும் ஒருவர் சொன்னால்தான் அவர் காதில் ஏறும்.

இதையெல்லாம் சொன்ன பிறகு மச்சினன் கேட்டது, "சரி அத்தான், நான் எதுல சேரட்டும்?" என்றுதான். நான் அவன் வாரத்தைக் கேட்டேன். கணினி வேலை, பகல் நேரம், நிலையாக இருக்கிறது. ஆனால் மாதத்தில் இரண்டு வார இறுதி ‘சர்வர் மாற்றம்’ என்று இரவு முழுக்கக் கணினி முன்னால். விடுப்பு இருபத்தொரு நாள், அதில் பத்து ஊருக்கு. மகனுக்கு அடுத்த வருடம் பிஎஸ்எல்இ, தொடக்கநிலை இறுதித் தேர்வு. இந்த நிலையில் விஎஸ்சி பயிற்சியின் வார மாலைகளில் ஒன்று தவறும், இரண்டு தவறும், பாதியில் நின்றுவிடும். அவனுக்கு இப்போதைக்கு ஆயுதப்படைப் பிரிவுதான் பொருந்தும் என்பது என் கணிப்பு. தாதியாக இருக்கும் என் மனைவியின் தோழிக்கும் அதையேதான் சொன்னேன், அவர் தொழிலுக்கு அங்கே நேரடியாக இடம் இருக்கிறது. மாறாக, நேரம் தவறாமல் ஐந்தரைக்கு வேலை முடிகிற, வெள்ளி இரவு வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து சலித்துப் போன, அடுத்தவன் கத்தும்போது குரலை உயர்த்தாமல் நிற்கத் தெரிந்த ஆள் என்றால் யோசிக்காமல் என் பக்கம் வரலாம். கடைசியாகச் சொன்னது முக்கியம். அது இல்லாதவருக்கு ஓட்டத்தில் தங்கம் கிடைத்தாலும் பிரயோசனமில்லை.

அவன் முகம் கொஞ்சம் வாடியது உண்மை. துப்பாக்கி என்றதும் கண்ணில் வந்த வெளிச்சம் அங்கேயும் ரைஃபிள் உண்டு என்றதும்தான் திரும்ப வந்தது. பிரியாணிக் கடையிலேயே மைரெஸ்பாண்டரை இறக்கிக்கொண்டான், என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் ஆம் ஆம் என்று அழுத்தினாள். போலிஸ் பயிற்சிக்கு மகன் தேர்வு முடிந்ததும் கண்டிப்பாக வருகிறேன் என்றான். வரட்டும். அதுவரைக்கும் வாரம் மூன்று நாள் பொங்கோல் நீர்வழிப் பாதையில் 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகச் சொல்லியிருக்கிறேன், எந்த வாசலில் நுழைந்தாலும் அந்த ஓட்டம் உதவும். முதல் நாள் ஓடிவிட்டுப் படம் அனுப்பினான். படத்தில் ஓட்டக் கடிகாரம் இல்லை, பக்கத்துக் கடையின் தே தாரிக் இருந்தது.