முதலில் எதை ஆராய வேண்டும்? பணியிட மனநல ஆய்வில் போட்டியிடும் மூன்று வழிகள்

மனநலம் பாதிக்கப்பட்டு வேலையைத் தொடர முடியாமல் போகும் தொழிலாளர்களுக்காகச் செய்யப்படும் ஆய்வுகளில் எதற்கு முன்னுரிமை தருவது என்று கேட்டால், மூன்று விடைகள் போட்டியிடுகின்றன: பாதிப்பு வராமல் தடுப்பது, வந்தவருக்குச் சிகிச்சை அளிப்பது, விடுப்பில் போனவர் வேலைக்குத் திரும்ப வழிசெய்வது.

தடுப்புக்கு ஆதரவு அதிகம். ஆனால் நிறுவனங்கள் அந்தப் பெயரில் பெரும்பாலும் நடத்துவது தனிமனிதருக்கான தியானப் பயிற்சியும் செயலிகளும்தான். பிரிட்டனில் 46,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் தரவுகளை அலசி 2024இல் வெளியான ஆய்வில், இத்தகைய ஏற்பாடுகளில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிடப் பொதுவாக நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. வேலைச்சுமையையும் நேரத்தையும் மாற்றிப் பார்க்கும் ஆய்வுகளே தேவை. அவற்றுக்கு நிர்வாகங்களின் சம்மதம் கிடைப்பது கடினம்.

சிகிச்சையின் பயன் ஏற்கெனவே நன்கு நிறுவப்பட்டுள்ளது. ஆயினும் நோய்க்குறி தணிவதும் வேலைக்குத் திரும்புவதும் ஒன்றல்ல. நெதர்லாந்தில் 2006இல் வெளியான ஆய்வொன்றில், உளவியல் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஆலோசனையையும் சேர்த்துப் பெற்றவர்கள் ஏறத்தாழ 200 நாள்கள் முன்னதாக முழு வேலைக்குத் திரும்பினார்கள். நோய்க்குறிகளோ எல்லாக் குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன.

ஆகவே, மூன்றாவது வழிக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அந்த நெதர்லாந்து ஆய்வில் பங்கேற்றவர்கள் சுயதொழில் செய்பவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தம் வேலை நேரத்தைத் தாமே குறைத்துக்கொள்ள அவர்களால் முடிந்தது. திருப்பூரில் பீஸ் ரேட்டில் தைக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை: பாதி நாள் வேலை என்றால் பாதிக் கூலி, காரணத்தைச் சொன்னால் வேலையே போய்விடுமோ என்ற அச்சம் வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்ற அதன் 20(4)ஆம் பிரிவு அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டத்தில் சாதாரண நோய்க்காலத்துக்கு ஆண்டுக்கு 91 நாள்கள் வரை 70 விழுக்காட்டு ஊதியம் கிடைக்கிறது. தீவிர மனநோய்களுக்குக் கூடுதல் காலம் உண்டு. அந்தத் தொகையைப் பகுதி நேர வேலையோடு இணைத்து, திரும்பி வரும் முதல் சில மாதங்களுக்கு வழங்கினால் எத்தனை பேர் வேலையில் நிலைப்பார்கள் என்பதே இங்கே முதலில் ஆராயப்பட வேண்டிய கேள்வி. அந்த ஆய்வை வகுக்கும் குழுவில் மருத்துவர்களோடும் அதிகாரிகளோடும், நோயிலிருந்து மீண்டு வேலைக்குத் திரும்பியவர்களும் திரும்ப முடியாமல் போனவர்களும் இடம்பெற வேண்டும்.